பெயிண்ட் அடிக்காத சங்கு

அம்பாசமுத்திரம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மைத்துனன் சிரஞ்சீவி குமரகுருபரனுக்கு, உன் அத்தான் ஆவுடைநாயகம் எழுதுவது. நெல்லையப்பர் காந்திமதி அம்மை கடாட்சத்தால் நீயும் விஜயஸ்ரீயும் சென்னையில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் வீட்டில்தான் நண்டு இல்லையே. இங்கே ஆற்றில் தண்ணீர் போகிறது, உன் அக்காள் பிரம்மநாயகிக்கு முழங்கால் வலி பரவாயில்லை, எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மரியாதைக்கு எழுத வேண்டியதை எழுதியாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் "சிக்னல் இல்ல அத்தான்" என்று வைத்துவிடுவாய். காகிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். உட்கார்ந்து முழுவதையும் படி.

எனக்கு எழுபது நிறைந்த விசேஷத்துக்கு வந்தவர்கள் வேட்டி கொண்டுவந்தார்கள், வெள்ளிக் கிண்ணம் கொண்டுவந்தார்கள், ஒன்றுமில்லாதவர்கள் வாழைத்தாராவது கொண்டுவந்தார்கள். நீ மட்டும் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் துணி போட்டு மூடிக்கொண்டு வந்தாய். முட்டைகூட வாசற்படி தாண்டாத சைவ வீட்டில், பந்தி போடுகிற நேரத்தில், அத்தனை பேர் முன்னாலும் துணியை விலக்கினாய். உள்ளே இரண்டு நண்டு! சமையலுக்கு வந்த தவசுப்பிள்ளை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணாச்சி, அந்தப் பெட்டி வெளிய போனாத்தான் இங்கன சொதி கொதிக்கும்" என்று அடுப்பையே அணைத்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி மறுபடி பற்றவைப்பதற்குள் பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நீயோ சிரித்துக்கொண்டு, "ரிட்டயர் ஆனவங்களுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது அத்தான். குரைக்காது, வாக்கிங் கூட்டிட்டுப் போக வேண்டாம். துறவி நண்டுன்னு பேரு, ஒண்ணுமே கேக்காது" என்றாய். துறவியாம்! ஏலே, நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு சுவருக்காக அண்ணனும் தம்பியும் என் மேஜைக்கு முன்னால் சட்டையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தவன். ஆனால் இந்தத் துறவியைப்போல வீடு, வீடு என்று உயிரை விடுகிற ஒரு ஜீவனை அந்த ஆபீஸில்கூட நான் பார்த்ததில்லை.

முதலில் ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. பெரிய நண்டு இருந்த சங்கில் பல்லைக் காட்டிச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி வரைந்திருந்தது. சின்னதன் சங்கு முழுக்க ரோஸ் கலரில் ஜிகினா. உன் அக்காள் 'பெரியவன்', 'சின்னவன்' என்று பெயர் வைத்து, சின்ன வெங்காயம் உரிக்கிறபோதுகூடப் பெட்டியைப் பார்த்துக்கொண்டுதான் உரிக்கிறாள். கேரட்டைத் துருவிப் போடுகிறாள். எனக்குச் சர்க்கரை என்று மறுத்த மாம்பழம் அவன்களுக்குக் கிடைக்கிறது. அதையும் பொறுத்தேன். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தில் மஞ்சள் மஞ்சளாகத் துகள் மிதக்க ஆரம்பித்தது. அந்தச் சிரிக்கிற மூஞ்சிக்கு முதலில் ஒரு கண் போயிற்று, அப்புறம் பல். பெரியவன் ஒரு மூலையில் கிடந்தான், தின்னவில்லை. சோம்பேறி, உன்னைப்போல என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்போதுதான் அடுத்த தெரு யூனிஸ் டீச்சர் வந்தார். பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் நடத்தியவர், உனக்கே தெரியும். உன் அக்காளிடம் அப்பளம் வாங்க வந்தவர் பெட்டியைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டார்.

"அண்ணாச்சி, இந்தப் பாவத்தச் செஞ்சது யாரு?"

"என் மைத்துனன்" என்றேன். ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை.

"இதுக்கு முன்னாலதான் ஓடு உண்டு, பின்பக்கம் பூரா வெறும் சதை. தனக்குன்னு சங்கு செய்ய இதுக்குத் தெரியாது. செத்துப்போன நத்தையோட காலிச் சங்கத் தேடி உள்ள போய் இருந்துக்கிடும். வளர வளரப் பெரிய சங்கு வேணும். இந்த மாதிரி பெயிண்ட் அடிச்சு விக்கிற ஆளுக, அது இருந்த நல்ல சங்குல இருந்து வெளியேத்தி இதுக்குள்ள போக வைப்பாங்க. வேற போக்கிடம் இல்லாம அதுவும் போவும். இப்பம் அந்தப் பெயிண்ட் உரிஞ்சு வயித்துக்குள்ள போவுது. ஆளும் வளந்துட்டுது. பாருங்க, பாதி உடம்பு வெளியில கெடக்கு. சாயம் இல்லாத, இயற்கையான காலிச் சங்கு உடனே வேணும் அண்ணாச்சி. இல்லன்னா செத்துரும்."

அவர் போன பிறகு உன் அக்காள் என்னிடம் பேசவில்லை. கொண்டுவந்தது நீ, முறைப்பு எனக்கு! அன்றைக்குத்தான் உனக்குப் போன் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "டென்ஷன் ஆகாதீங்க அத்தான், ஆன்லைன்ல நேச்சுரல் சங்காப் பாத்து ஆர்டர் போட்டுடுதேன்" என்றாய். பார்சல் வந்தது. ஒன்றில் ரயில் வண்டி, ஒன்றில் பனிமனிதன், ஒன்று சங்கே இல்லை, சங்குபோலச் செய்த பிளாஸ்டிக். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் 'நேச்சுரல் கலர்ஸ்' என்று போட்டிருந்தது. நீ எம்.பி.ஏ. படித்தவன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

வீட்டில் இருந்த சோழிகளைப் போட்டுப் பார்த்தாள் உன் அக்காள். சோழிக்கு வாய் ஒரு கீறல்தான், வாசல் இல்லாத வீட்டில் யார் குடியேறுவார்கள்? பூஜைச் சங்கை அவள் கையில் எடுத்தபோது நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மறுநாள் பஸ் பிடித்துத் திருச்செந்தூர் போனேன். சுவாமியைக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நேராகச் சங்குக் கடைகளுக்குள் நுழைந்தேன். ஒரு சங்குக்குள் பல்பு எரிகிறது. ஒன்றில் கண்ணாடி பதித்திருக்கிறது. ஒன்றைத் தொட்டால் கைக்கு வார்னிஷ் வாடை. "ஒண்ணும் செய்யாத சங்கு இருக்கா?" என்று கேட்டேன். கடைக்காரர் அகமது மீரான் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சும்மாச் சங்க யாரு அண்ணாச்சி வாங்குதா? கரையில கெடந்தா காலையிலேயே பொறக்கி இங்கன வந்துரும். இங்கன வந்தா பல்பு போட்டுருவோம்" என்றார். சரி என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலில் கடற்கரையோரம் நடந்தேன். கண்டதெல்லாம் உடைந்தது, ஓட்டை விழுந்தது. ஒரே ஒரு நல்ல சங்கு அகப்பட்டது. வட்டமான வாய், கெட்டியான சுவர். ஆசையாக எடுத்து வேட்டி மடியில் கட்டினேன். கட்டியது மடிக்குள் நடந்தது. அவிழ்த்தால் உள்ளிருந்து ஒரு சின்ன நண்டு என் விரலைப் பிடித்துவிட்டது. ரத்தம். என்ன செய்யச் சொல்கிறாய்? ஏற்கெனவே குடியிருக்கிறவனைக் காலி பண்ணு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திரும்ப மணலில் விட்டேன். எத்தனை கடைக்கு எத்தனை மூட்டை போகிறதோ, இந்தக் கரையில் பிறக்கிற நண்டெல்லாம் எங்கேதான் போய் இருக்கும் என்று கடலைப் பார்த்து ஒரு மூச்சு திட்டினேன். பக்கத்தில் முழுகிக்கொண்டிருந்த குடும்பம் கொஞ்சம் தள்ளிப்போய் முழுகியது.

வெறுங்கையோடு திரும்பி வந்தால் உன் அக்காள் கண்ணெல்லாம் சிவந்து உட்கார்ந்திருக்கிறாள். "இங்க பாருங்க, பெரியவன் வெளிய வந்துட்டான்" என்றாள். குமரகுருபரா, அதை நீ பார்த்திருக்க வேண்டும். அந்த மஞ்சள் மூஞ்சிச் சங்கை விட்டு முழுதாக வெளியேறி, சுருண்ட வெளுத்த உடம்பை மணலில் இழுத்துக்கொண்டு, மூலையில் ஒண்டி நடுங்கிக்கொண்டிருந்தான். அந்தச் சங்குக்குள் இருப்பதைவிட அம்மணமாகச் சாவது மேல் என்று முடிவு செய்துவிட்டான் போல. இதைப் படித்துச் சிரிக்காதே. யூனிஸ் டீச்சருக்குப் போன் போட்டேன். "வயல்ல காலி நத்தை ஓடு கெடக்குமே அண்ணாச்சி, வாய் வட்டமா இருந்தா போதும். நல்லா வேகவச்சு ஆறவச்சுப் போடுங்க, சீக்கிரம்" என்றார்.

ஊரைச் சுற்றி வயல், வயல் முழுக்க நத்தை. இது தெரியாமல் கடலுக்குப் போனேனே! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலை ஒட்டிய நடராஜ் வயலில் இறங்கினேன். அறுப்பு முடிந்த சேறு. முழங்கால் வரை உள்ளே போனது, ஒரு செருப்பு இன்னமும் அங்கேதான் இருக்கிறது. குனிந்து தடவிக்கொண்டிருக்கிறேன், வரப்பில் நடராஜ்.

"அண்ணாச்சி, நத்தையா பொறக்குதீய? மூலத்துக்கா?"

"இல்லப்பா."

"வெக்கப்படாதீய. எங்க மாமாவுக்கு நத்தைக் கறியிலதான் கேட்டுச்சு. நல்லெண்ணெயில வதக்கணும்."

"எனக்கில்ல நடராஜா. நண்டுக்கு!"

அவன் வரப்பிலேயே குத்தவைத்து உட்கார்ந்தான். "அப்பம் நண்டும் சேத்தா வதக்குவிய?"

நான் வீடு வந்து சேருமுன் செய்தி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. டீக்கடையில் ஒருவர், நான் உட்கார மெத்தை போட்ட நாற்காலியைத் தள்ளினார். நானோ இங்குள்ள சைவ சபைக்குச் செயலாளர். அடுப்பில் உருளியை ஏற்றி, ஓடுகளைப் போட்டு, அது தளதளவென்று கொதிக்கிற சமயம் வாசலில் சபைத் தலைவர் தாணுமாலையன் அண்ணாச்சி, கூடவே இரண்டு உறுப்பினர்கள். ஏதோ வதந்தி கேள்விப்பட்டதாகவும், அதை நான் என் வாயாலேயே மறுக்கக் கேட்டுவிட்டுப் போக வந்ததாகவும் சொன்னார். மறுக்க வாய் திறந்தேன். அதற்குள் அண்ணாச்சி மூக்கை உறிஞ்சினார்.

"என்னவே ஆவுடைநாயகம், அடுப்புல என்னது?"

நேராக அடுக்களைக்குள் போய் மூடியைத் தூக்கினார். உருளிக்குள் நத்தைகள் உருண்டுகொண்டிருந்தன. உன் அக்காள் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "கறி இல்ல அண்ணாச்சி, வெறும் ஓடுதான்" என்றாள். அதாவது கறியை ஏற்கெனவே தின்றாயிற்று என்று அர்த்தமாகிவிட்டது. மூன்று பேரும் திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டு தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள். அன்று மாலையே என் செயலாளர் பதவி போயிற்று.

பதவி போனாலும் ஓடு ஆறிவிட்டது. வரிசையாகப் பெட்டிக்குள் வைத்தோம். பெரியவன் முதலில் அசையவில்லை. பிறகு பைய ஊர்ந்து வந்தான். முதல் ஓட்டை உருட்டினான், வாயில் கொடுக்கை விட்டுத் துழாவினான், வேண்டாம் என்று தள்ளினான். சாகக் கிடக்கிறவனுக்கு என்ன கிராக்கி பார்! அடுத்த ஓட்டைப் புரட்டி, உள்ளே வெளியே தடவி, சட்டென்று ஒரு திருப்புத் திருப்பி உள்ளே போய்விட்டான். போய், இரண்டு கண்ணையும் வெளியே நீட்டி எங்களைப் பார்த்தான். உன் அக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னவனும் ஜிகினாவை உதறிவிட்டு அவன் தள்ளிய ஓட்டுக்குள் நுழைந்தான். ஸ்டாம்பு இல்லை, சாட்சி இல்லை, கையூட்டு இல்லை. என் சர்வீஸில் இத்தனை சுத்தமான கைமாற்றத்தை நான் கண்டதில்லை.

இதோடு முடிந்ததா? நேற்று விடிந்தும் விடியாமலும் தாணுமாலையன் அண்ணாச்சி தனியாக, துண்டால் தலையை மூடிக்கொண்டு கொல்லைப் பக்கமாக வந்தார். "வே, யாருகிட்டயும் சொல்லப்படாது. அது எந்த வயலு?" என்றார். காலி ஓடுதான் கிடைக்கும் என்றேன். "காலி ஓடு உமக்கு. எனக்கு ஆள் உள்ளதா வேணும்" என்று முனகினார். பகலில் என்னை விலக்கினவர் விடியற்காலையில் என்னிடம் வைத்தியம் கேட்கிறார். இந்த அநியாயத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஆகவே குமரகுருபரா, தெளிவாகச் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ நேரில் வந்து இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். போவதற்கு முன் சபையில் ஏறி, நண்டு கொண்டுவந்தவன் நானே என்று உரக்கச் சொல்ல வேண்டும். உயிர் உள்ள ஒன்றை விசாரிக்காமல் வாங்கி அடுத்தவன் தலையில் கட்டுகிறவனுக்கு இது சின்னத் தண்டனை. வராவிட்டால், இந்த வீட்டுக்கும் உனக்கும் உள்ள உறவு இந்தக் காகிதத்தோடு முடிந்தது என்று எடுத்துக்கொள்.

மற்றபடி விஜயஸ்ரீக்கு எங்கள் அன்பு. உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும், கூடவே கொஞ்சம் அறிவும் கிடைக்க அம்மை அருளட்டும்.

இப்படிக்கு,
மிகுந்த கோபத்துடன் ஆசீர்வதிக்கும் அத்தான்,
ஆவுடைநாயகம்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் பெட்டியில் பெரியவனைக் காணவில்லை. பதறிப்போய் யூனிஸ் டீச்சரைக் கூப்பிட்டு வந்தேன். மணலுக்குள் இறங்கியிருக்கிறானாம், தோல் உரிக்கப் போகிறானாம், வாரக்கணக்கில் ஆகுமாம், பெட்டியை ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாதாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். அதற்கு அடுத்த ஞாயிறும் வேண்டாம். எப்போது வந்தாலும் சாப்பிட வா, தூக்க வராதே, உன் அக்காள் உன் கையை முறித்துவிடுவாள். சபையிலும் ஒன்றும் சொல்ல வேண்டாம், அங்கே கூட்டம் நடக்கிற நேரத்தில் எனக்கு வயலில் வேலை இருக்கிறது. மேலே வரும்போது அவன் இன்னும் பெரிசாக இருப்பான் என்று டீச்சர் சொல்கிறார், ஓடு தேட வேண்டும். அதுவரை சின்னவன் தனியாக இருப்பதால் நான் படுக்கையை அந்த அறைக்கே மாற்றிவிட்டேன்.