உங்கள் தங்கை முந்திக்கொண்டாள்

ஓசூர்
17.6.2007

மதிப்புக்குரிய மச்சான் அப்துல் சமது அவர்களுக்கு, நூர் முகமது ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. பள்ளப்பட்டியில் தாங்களும் தங்கள் வீட்டாரும் பிள்ளைகளும் ஜவுளிக்கடையும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். ஆனால் உண்மை என்னவென்றால் உங்கள் தங்கை காத்தூன் நலம், நான் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. அதுதான் என் புகார். போனில் சொல்லியிருப்பேன், நான் போனை எடுத்தாலே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

முதலிலிருந்து சொல்கிறேன். குளிர்காலத்திலிருந்தே காத்தூன் சரியாக இல்லை. ராத்திரி தூங்குவதில்லை, பகலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள், குழம்பில் உப்பு இருக்காது, கேட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் அஸ்பியா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டு, "அத்தா, இது டிப்ரஷன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள். ராயக்கோட்டை ரோட்டில் ஒரு மனநல டாக்டரம்மா இருக்கிறார் என்று விசாரித்து அவளே நேரமும் வாங்கிக் கொடுத்தாள். நானும் ஒரு பொறுப்புள்ள கணவனாக லீவு போட்டு அழைத்துப் போனேன். போகிற வழியில் ஆட்டோக்காரர் சுற்று வழியில் போனதால் அவரிடம் எனக்குத் தெரிந்த கன்னடம் முழுவதையும் செலவழிக்க வேண்டியிருந்தது. அங்கே போனால் டோக்கன் கொடுக்கிற பையன் எங்களுக்குப் பின்னால் வந்தவரை முன்னால் அனுப்பிவிட்டான், அவனிடமும் நாலு வார்த்தை பேசினேன். சத்தம் போட்டுக்கொண்டிருந்த ஒரு மின்விசிறியை நானே எழுந்து நிறுத்தினேன், அதனால் பக்கத்திலிருந்தவர்களுக்கும் எனக்கும் கொஞ்சம் மனஸ்தாபம். டாக்டரம்மா கதவுக் கண்ணாடி வழியாக இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

காத்தூனிடம் பொறுமையாகப் பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நீங்க எப்படித் தூங்கறீங்க?" என்றார். நான் துணைக்கு வந்தவன் என்று சொன்னேன். "துணைக்கு வந்தவங்களும் தூங்கணும் இல்லீங்களா?" என்றார். அப்போதுதான் மச்சான், மூன்று மாதமாக இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசாத உங்கள் தங்கை வாயைத் திறந்தாள். "இவரு தூங்கறதே இல்லீங்க டாக்டர். வேணும்னே டபுள் ஷிப்டு பாக்குறாரு. ரிமோட்டத் தூக்கிச் சுவத்துல அடிச்சாரு. வெள்ளிக்கிழமை தொழுதுட்டு சேக்காளிங்களோட டீ குடிக்கப் போவாரு, இப்ப யாரு மூஞ்சியும் பிடிக்கலன்னு நேரா வீட்டுக்கு வந்து என் மூஞ்சியப் பாத்துக் கத்துறாரு. குந்தாரப்பள்ளிச் சந்தைன்னா உசுரு, அதையும் விட்டுட்டாரு." எனக்குப் பேச இடமே கொடுக்கவில்லை. டாக்டரம்மா இரண்டு சீட்டு எழுதினார். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு.

"நான் அழுவுறதே இல்லீங்களே" என்றேன்.

"ஆம்பளைங்க நிறையப் பேருக்கு இது அழுகையா வராதுங்க, கோவமா வரும். குடியா வரும், ஓயாத வேலையா வரும். அதனாலதான் யாரும் கண்டுபிடிக்கறதில்ல."

சரி, நோய் வந்துவிட்டது, நோய் வந்தால் மருந்து. ஆனால் இரண்டு சீட்டையும் பார்த்தால் மாத்திரை வேறு, அளவு வேறு, அவளுக்கு ராத்திரி, எனக்குக் காலை. இருபத்தாறு வருடம் கம்பெனியில் தரம் பார்க்கும் ஆய்வுப் பிரிவில் இருந்தவன் நான், ஒரே கோளாறுக்கு இரண்டு விதமான ரிப்பேரை எப்படிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவேன்? கேட்டேன். டாக்டரம்மா விளக்கினார். பெண்களுக்கு அந்த வயதில் உடம்புக்குள் நடக்கும் மாற்றங்களைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் அவளுடைய அண்ணனாகிய உங்களுக்கு எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவருக்குக் கூச்சமே இல்லை. சுரக்கிற நீர் வேறு, மாத்திரை உடம்பில் கரைகிற வேகம் வேறு, எனக்கு ரத்தக்கொதிப்பு வேறு இருக்கிறது என்றார். "வெளிய பாக்க ஒரே நோய்தான். ஆனா வைத்தியம் பண்ணும்போது மூளையில நடக்குற மாற்றம் ஆணுக்கும் பொண்ணுக்கும் ஒரே மாதிரி இல்லைன்னு இப்ப ஆராய்ச்சி பண்றாங்க. இன்னும் முழுசாத் தெரியலீங்க, எங்களுக்கே" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டரை நான் அன்றுதான் பார்த்தேன், அதனால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனிமேல்தான் அநியாயம். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தோம். ஒரு மாதம் ஆவதற்குள் காத்தூன் விடியற்காலையில் எழுந்து பக்கத்து வீட்டு சரோஜம்மாளோடு நடக்கப் போகிறாள், தள்ளுவண்டிக்காரியிடம் தெலுங்கில் பேரம் பேசுகிறாள், குழம்பில் உப்பு திரும்பி வந்துவிட்டது. எனக்கோ நாக்கு உலர்ந்ததும் மலச்சிக்கலும்தான் மிச்சம். ஒரு நாள் அவள் சமையலறையில் எதற்கோ தனியாகச் சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது மச்சான், பொய் சொல்லவில்லை. அடுத்த நிமிடமே, நல்ல மாத்திரையை அவளுக்குக் கொடுத்துவிட்டு என்னிடம் ஏதோ மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டார்கள் என்று தோன்றிவிட்டது. மறுநாள் காலை என்னுடையதை விட்டுவிட்டு அவளுடைய அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி விழுங்கிவிட்டு கம்பெனி பஸ் ஏறினேன்.

அவளுடையது தூக்கத்துக்கும் சேர்த்துக் கொடுத்த மாத்திரை என்பதை நான் யோசிக்கவில்லை. கடைசி சீட்டில் சாய்ந்ததுதான் தெரியும். டிரைவர் கோவிந்தப்பன் எல்லோரையும் கம்பெனி கேட்டில் இறக்கிவிட்டு, பின்னால் கிடந்த என்னைக் கவனிக்காமல் பஸ்ஸை சூளகிரிப் பக்கம் வாட்டர் சர்வீஸுக்கு ஓட்டிப் போய்விட்டார். ஜன்னல் திறந்திருந்தது. முகத்தில் குழாய்த் தண்ணீர் பாய்ந்தபோது கண் விழித்தேன். நான் கத்திய கத்தலில் தண்ணீர் அடித்தவர் குழாயைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். "ஐயோ சார், நீங்க இருக்கறத நான் பாக்கவே இல்ல சார்" என்று கோவிந்தப்பன் தன் துண்டால் என் தலையைத் துவட்டினார்.

நான் வேலைக்கு வரவில்லை என்று கம்பெனியிலிருந்து அதற்குள் வீட்டுக்குப் போன் போயிருக்கிறது. காத்தூன் தன் மாத்திரை அட்டையில் காலையிலேயே ஒன்று குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். இரண்டையும் சேர்த்து அவள் என்ன நினைத்தாள் என்பது எனக்கு உடனே புரியவில்லை. கோவிந்தப்பன் போன் செய்து இடம் சொன்னதும் சரோஜம்மாளை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். காலில் செருப்பு இல்லை. நல்ல திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். அவள் பஸ்ஸுக்குள் ஏறி, சொட்டச் சொட்ட நனைந்த சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணுமில்ல, தூங்கிட்டேன்" என்றேன்.

"பங்குனி மாசத்துல எனக்கு ஒரு நாள் போய்ச் சேந்துரலாம்னு தோணுச்சு. உங்ககிட்ட சொல்லல. உங்களுக்கும் அப்படித் தோணியிருச்சோன்னுதான் ஓடியாந்தேன்" என்றாள்.

இதை உங்களுக்கு எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். அண்ணனுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். அன்றைக்குக் கோவிந்தப்பனும் சரோஜம்மாளும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் வெளியே மழை பெய்கிறதா என்று பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்கள்.

டாக்டரம்மாவிடம் இரண்டு பேரும் போய் எல்லாவற்றையும் சொன்னோம். ஒருவர் மாத்திரையை இன்னொருவர் தொடக் கூடாது என்று எனக்குத் திட்டு விழுந்தது. அவளிடம் தனியாக வெகு நேரம் பேசினார், பயப்பட வேண்டாம், ஆனால் அந்த எண்ணம் மறுபடி வந்தால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும் என்று இருவரிடமும் வாக்கு வாங்கினார். என் மருந்தையும் மாற்றினார். இப்போது எனக்கும் தேவலைதான், கத்துவது குறைந்திருக்கிறது, போன வெள்ளிக்கிழமை டீ குடிக்கக்கூடப் போனேன்.

ஆனால் மச்சான், முந்திக் குணமானவர்கள் பிந்தியவர்களை நடத்துகிற விதம் இருக்கிறதே, அதை யாரிடம் சொல்வது? அவள் எனக்கு மேல் ஒரு சூப்பர்வைசர் ஆகிவிட்டாள். மாத்திரை போட்டதும் வாயைத் திறந்து காட்டச் சொல்கிறாள். இட்லி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, "இன்னைக்கு மனசு எப்படி இருக்கு?" என்கிறாள். ஐம்பத்திரண்டு வயது வரை என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் ஒத்துக்கொள்ளப்பட்ட "பரவால்ல" என்ற பதிலை இப்போது செல்லாது என்கிறாள். விளக்கமாகச் சொல்ல வேண்டுமாம். எனக்கு விளக்கமாகத் தெரிந்தால் சொல்ல மாட்டேனா?

ஆகையால் தாங்கள் பெரிய மனது பண்ணி வந்து, தங்கையை ஒரு மாதம் பள்ளப்பட்டிக்கு அழைத்துப் போய் வைத்துக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அவளுக்கு ஓய்வாக இருக்கும் என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். தங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் கிடைக்க துஆ செய்யும்,

தங்கள் அன்பு மச்சான்,
நூர் முகமது

பின்குறிப்பு: அழைத்துப் போக வர வேண்டாம். இன்று அவளும் சரோஜம்மாளும் ஒரு கல்யாணத்துக்குக் கிருஷ்ணகிரி போயிருந்தார்கள், மத்தியானத்துக்குள் வீடு தாங்கவில்லை, பந்தியில் உட்கார்ந்திருந்தவளைப் போன் செய்து கிளம்பி வரச் சொல்லிவிட்டேன். வந்தவள் இந்தக் கடிதத்தையும் படித்துவிட்டாள், சிரித்தாள். இன்னொரு விஷயம். நீங்கள் கடைப்பையனோடு சண்டை, ஜமாத் கூட்டத்தில் சண்டை, கொஞ்ச நாளாகக் கறிச்சோறு வைத்தாலும் சாப்பிடாமல் எழுந்துவிடுகிறீர்கள் என்று உங்கள் வீட்டார் காத்தூனிடம் போனில் சொன்னார்களாம். வரும் வியாழக்கிழமை டாக்டரம்மாவிடம் உங்களுக்கு டோக்கன் போட்டாயிற்று. துணைக்கு வருவதாக நினைத்துக்கொண்டு வாருங்கள்.