நேரலையில் குலுக்கிய மிளகாய்

மைத்துனர் குருபாதப்பாவுக்கு மல்லேஷப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நீரும் நலமாகவே இருப்பீர்; இதைப் படித்து முடிக்கும்வரையாவது அப்படியே இரும்.

என் மகள், உம் அருமை மருமகள் நீலாம்பிகையை அரசுப் பல்கலைக்கழகத்தில் ஒலிபரப்பும் டிஜிட்டல் ஊடகமும் படிக்கச் சேர்த்தவர் நீர். "பேசறதுக்கு எதுக்குய்யா பட்டம்? உங்கக்கா என்ன படிச்சுட்டா பேசறா?" என்று அன்றே கேட்டேன். நீர் சிரித்தீர். இப்போது ஹூப்ளி மிளகாய் வியாபாரி வீரபசப்பா தன் மகனுக்குப் பெண் கேட்டார். படிப்பை நிறுத்தி அவளை அழைத்துவரத் திங்களன்று முதல் பஸ் ஏறினேன்.

அவள் பல்கலைக்கழக வானொலி அறைக்குள் இருந்தாள். கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆள் வரக்கூடாதென்றால் தாழ்ப்பாள் போடுவார்கள், விளக்கா போடுவார்கள்? உள்ளே போனேன். அவள் மண்டி விலை வாசித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் மிளகாய் மண்டி நடத்துகிறவன் காது கேட்டுக்கொண்டு சும்மா இருக்குமா? "ஏம்மா, அது சனிக்கிழமை விலை. இன்னிக்கு எறங்கிப்போச்சு" என்றேன். கண்ணாடிக்கு அப்பால் வாத்தியாரம்மா கழுத்தை அறுப்பதுபோல் விரலால் காட்டினார். நீலாவோ மைக்கை என் பக்கம் தள்ளி, "நேரலைல இருக்கோம்ப்பா, பாதியில நிறுத்தாதீங்க" என்றாள். அதற்குள் தொலைபேசியில் ஒரு விவசாயி வந்துவிட்டான்: "அண்ணா, ஈரம்னு சொல்லி மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிக்கிறாங்களே, நியாயமா?" கேட்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டாமா? வியாபாரத்தில் மாதிரி காட்டச் சட்டைப்பையில் வைத்திருந்த மிளகாயை மைக் முன்னால் குலுக்கினேன். "கேட்டியா தம்பி? வெத சலசலங்குது பார். இப்படிச் சத்தம் வந்தா காஞ்ச மிளகா. ஒரு கிலோகூட விடாதே. ஹூப்ளி வீரபசப்பா கோடையிலயும் ஈரம் கண்டுபிடிப்பாரு." உதாரணத்துக்குத்தான் சொன்னேன்.

நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தால் கைபேசியில் பதினேழு அழைப்பு. வீரபசப்பா, "உங்க சம்பந்தமே வேணாம் சாமி. அப்பனே இப்படி, மக படிச்சவ வேற" என்றார். என் மண்டிப் பங்காளி சோமண்ணா, "நீயும் கழிச்சவன்தானே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். சிக்னல் இல்லை என்று கத்திவிட்டுக் கைபேசியை அணைத்தேன். கேன்டீனில் சோள ரொட்டி தின்னும்போது நீலா மெதுவாகக் கேட்டாள்: "என்னைக் கூட்டிட்டுப் போகத்தானேப்பா வந்தீங்க?" வாயில் ரொட்டி இருந்ததால் தப்பித்தேன், பஸ்ஸும் வந்துவிட்டது.

ஆகவே, அவளைப் படிக்கச் சேர்த்து முடிச்சுப் போட்ட நீரே வந்து அவிழ்க்க வேண்டும். இந்தச் சம்பந்தம் போனாலும் வேறு வரன் வரும்; அவளை வீட்டில் கொண்டுவந்து விடும். உம் அக்காள் ஆசி சொல்கிறாள். பசவண்ணர் உம் குடும்பத்தைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
மல்லேஷப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் வாத்தியாரம்மா அழைத்தார். விவசாயிகள் கேட்கிறார்களாம், வியாழன்தோறும் வந்து பேச வேண்டுமாம். சரியென்றுவிட்டேன். நீர் வர வேண்டாம், நீலா படித்து முடிக்கட்டும். உம் கறுப்புக் கோட்டை மட்டும் அனுப்பும். "ரேடியோல கோட்டு தெரியாதுப்பா" என்று நீலா போனில் சொல்கிறாள். தெரியாவிட்டால் போகட்டும். இந்த வியாழன், நான் ஈரமென்று சொல்லிக் கிலோ கழித்த கதையை நானே சொல்லப்போகிறேன். அதை வெறும் சட்டையோடு சொல்லத் தைரியம் வரவில்லை.