கஸ்பார் அண்ணாச்சி கரைக்கு இழுத்த மேசை

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். கஸ்பார் அண்ணாச்சிய பைக்குல ஏத்திட்டு வந்து மண்டபத்துல எறக்கி விடணும்.

மண்டபத்துல நம்ம கடக்கரை இசைப் பெருமை விழா. மொதல்ல புரபசர் பேசுவாரு. அப்புறம் அண்ணாச்சி அம்பா பாடுவாரு, அதான் கரைவலை இழுக்கும்போது பாடுவாங்களே, அது. அண்ணாச்சிய கொண்டாந்து பாட வச்சுட்டா, கடைசில எனக்குப் பத்து நிமிசம் மிமிக்ரின்னு விழாச் செயலாளர் வாக்கு குடுத்திருந்தாரு.

பத்து நிமிசம் மக்கா! மேடை, மைக்கு, எரநூறு ஆளு. இதுவரைக்கும் நான் டீக்கடையிலதான் செஞ்சிருக்கேன். அங்கயும் கிளாசு காலியானா எந்திரிச்சுப் போயிருவாங்க.

அண்ணாச்சி கரெக்ட்டா வந்துட்டாரு. புரபசர்தான் முடிக்கவே இல்ல. ஒன்றரை மணி நேரம். இந்தப் பாட்டு அழிஞ்சிட்டு, பாட இனி ஆளே இல்லன்னு கண்ணக் கசக்குதாரு. பாடுத ஆளு மொத வரிசையில உக்காந்து வடை தின்னுட்டு இருக்காரு. அவருக்குப் பின்னால மூணு வரிசையும் காலைல வலை இழுத்துட்டு, குளிச்சிட்டு வந்த கூட்டம்.

ஒருவழியா அண்ணாச்சிய மைக்கு முன்னால நிப்பாட்டுனோம். வாயத் தொறக்காரு, வரல. தொண்டையச் செருமுதாரு, வரல. பக்கத்துல போயி என்னாச்சுன்னு கேட்டேன்.

"கையில வடம் இல்லாம எங்கன இருந்துல பாட்டு வரும்?"

செயலாளர் பாத்த பார்வையிலயே என் பத்து நிமிசத்துல அஞ்சு போச்சு. ஓடிப்போயி, மண்டபத்துக்குப் பின்னால கெடந்த வலைக்கயிறு ஒரு சுருளத் தூக்கிட்டு வந்தேன். அண்ணாச்சி இழுத்துப் பாத்துட்டு, சும்மா வருது, அந்தப் பக்கம் கனம் வேணும்னுட்டாரு. மேடையில இருந்தும் எறங்கிட்டாரு. வலை இழுக்கவன் கரையிலதான நிப்பானாம்.

கனத்துக்கு நான் எங்க போவேன்? மேடையில விருந்தாளிங்க மேசை. நல்ல தேக்கு. அங்கன புரபசர் லேப்டாப்ப வச்சிக்கிட்டு உக்காந்திருக்காரு. மேசைக் காலுல கட்டிட்டேன். இழுக்கப் போறது ஒத்த ஆளு, அசையவா போவுதுன்னு ஒரு கணக்கு.

அண்ணாச்சி பாட்டெடுத்தாரு பாருங்க, எனக்கே புல்லரிச்சிட்டு. மூணு வரிசையும் எந்திரிச்சிட்டு. யாரும் கூப்பிடல. அந்தப் பாட்டக் கேட்டா அவங்க கை தானா வடத்தத் தேடும். முப்பது பேரு, ஒரே இழுவை.

மேசை கெளம்பிட்டு.

புரபசர் லேப்டாப்பையும் விடல, மேசையையும் விடல, மேல கவுந்துகிட்டு கூடவே வாராரு. செயலாளர் நிறுத்தச் சொல்லிக் கத்துதாரு. மீன் சேருத வலையோட மடி கரைக்கு வராம அம்பாவ நிறுத்தப்படாது, நிறுத்துனா மீன் ஓடிரும். அது இந்தக் கடக்கரையில பச்சப்பிள்ளைக்கும் தெரியும். அண்ணாச்சி பதிலுக்குப் புதுசா வரியே கட்டிட்டாரு:

"மேசை வருது ஏலேலோ, மேல ஒருத்தர் ஏலேலோ!"

நல்லவேளை, மேடை ஒரு அடி உசரந்தான். முன்கால் ரெண்டும் கீழ எறங்கி மேசை சாஞ்சு நின்னுச்சு. புரபசர் வழுக்கிட்டு வந்து மொத வரிசை நாற்காலியில பத்திரமா உக்காந்துட்டாரு. அண்ணாச்சி அவர மேலயும் கீழயும் பாத்தாரு.

"வலையில ஒண்ணுதாம்ல பட்டிருக்கு."

விருந்தாளிங்களுக்குன்னு மேசையில வச்சிருந்த மக்ரூன் பொட்டலமெல்லாம் தரையில. மடி வந்தா பங்கு பிரிக்கணும்லா? பிரிச்சாங்க. வடம் புடிச்சவனுக்கு ஒண்ணு, பாட்டெடுத்தவருக்கு ரெண்டு. பங்கு வாங்குனவன் எவன் கரையில நிப்பான்? மூணு வரிசையும் வீட்டுக்குப் போயிட்டு. அதப் பாத்து மிச்சக் கூட்டமும் விழா முடிஞ்சிட்டுன்னு எந்திரிச்சிட்டு.

செயலாளர் வாக்கு மாறாத மனுசன். மைக்க எங்கையில குடுத்தாரு.

"சொன்னபடி பாட வச்சிட்டேல்லா? இந்தா உன் பத்து நிமிசம்."

சொல்லிட்டு ஃபேன அணைக்கப் போயிட்டாரு.

கீழ பாத்தேன். புரபசர் மட்டும் இருக்காரு, அறுந்த சட்டைப் பட்டனக் கையில வச்சிக்கிட்டு.

நான் நாலு நாளா யூடியூப் பாத்துப் பழகி வச்சிருந்தது அவரு குரல மட்டுந்தான்.