கழற்றிப் பார்த்தவரின் கடைவாய்ப் பல்

புதுப் பேனா வாங்கினால் நாம் எழுதிப் பார்ப்போம். அவர் கழற்றிப் பார்ப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி கவனித்துவரும் வழக்கம் இது. டார்ச், குக்கர் கைப்பிடி, விருந்தாளி மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடி, எது கிடைத்தாலும் அவர் கட்டைவிரல் தானாகத் திருகாணியைத் தேடும். ஊருக்கு நாலு பேர் இந்த இனத்தில் உண்டு. நல்ல மனிதர்கள்தான். ஒழுங்காக ஓடுகிற எதையும் நம்பமாட்டார்கள், அவ்வளவுதான். உங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் சரியாக மணி காட்டுகிறதா? அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நம்மவருக்குக் குழாய்ச் சாமான் கடை. எது எதோடு சேரும், எது எதை அரிக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். அவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று போயிற்று. பல் டாக்டர் அந்த இடத்தில், தாடை எலும்புக்குள் ஒரு டைட்டானியம் திருகைப் பதித்தார். சில மாதம் கழித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா பிடிச்சிருக்கு சார். இனி திருகு மேல ஒரு நடுத்துண்டு, அதுக்கு மேல பல். முடிஞ்சது" என்றார்.

"நடுத்துண்டு என்ன மெட்டீரியல்?"

"டைட்டானியம் இருக்கு, ஜிர்கோனியா இருக்கு. ஜிர்கோனியா பீங்கான் மாதிரி வெள்ளையா இருக்கும். ரெண்டும் ஈறுக்கும் எலும்புக்கும் ஒத்துப்போகும்."

அந்த டாக்டரம்மா பொறுமைசாலி. பொறுமைசாலிகள் செய்கிற தவறையே செய்தார். இப்பேர்ப்பட்டவரிடம் இரண்டு பெயர் சொல்லலாமா?

அன்றிலிருந்து அவர் கல்லாவில் உட்கார்ந்து படித்தார், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் படித்தார், குளியலறைக்குள்ளும் போனோடு போனார், வளைவுக் குழாய் கேட்டு வந்தவரிடம் எந்த உலோகத்தைச் சுற்றி எலும்பு எவ்வளவு கரையும் என்று விளக்கினார்; வந்தவர் தாடையைத் தடவிக்கொண்டே வளைவு வாங்க மறந்து வீடு போய்ச் சேர்ந்தார். மச்சான் போனில் நலம் விசாரித்தபோதும் அதே பாடம்தான்.

"மாமா, பல்லு வேணுமா, பட்டம் வேணுமா?" என்றான் மச்சான்.

முதலில் டைட்டானியம் போட்டார்கள். பத்து நாளில் போய் நின்றார். "அந்த வெள்ளையைப் போட்டுப் பார்க்கலாமா?" போட்டார்கள். பிறகு வெள்ளை விரிசல் விடுமோ என்று கவலை வந்தது. கழற்றினார்கள். மறுபடி டைட்டானியத்தையே போட்டார்கள். பிறகு, அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு சந்தேகம். குழாய் மூட்டு என்றால் அவர் அப்படித்தான், கழற்றித் திருகு மரையைத் துடைத்துப் பார்த்தால்தான் நிம்மதி. ஒருநாள் தங்கக் கலவையும் உண்டு என்று கண்டுபிடித்து வீட்டுக்கு வந்தார்.

"தங்கம்னா என் கழுத்துல போடுங்க. வாய்க்குள்ள யார் வந்து பார்க்கப்போறா?" என்றாள் மனைவி.

ஒவ்வொரு முறையும் அவள் அறை ஓரத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பஞ்சில் புள்ளியாக ரத்தம் ஒட்டி வரும். டாக்டர் ஒன்றும் சொல்லமாட்டார். கடைசியாக ஒருநாள் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு உட்கார்ந்தார். நின்றபடியே பேசுகிற டாக்டர் உட்கார்ந்தால் நல்ல செய்தி இருக்குமா?

"எலும்பு இறங்கியிருக்கு சார். திருகோட முதல் மரை வெளிய தெரியுது."

"நான் சொன்னேன்ல? மெட்டீரியல் சரியில்ல" என்றார் நம்மவர். முகத்தில் பரிசு வாங்கிய களை.

"மெட்டீரியல் இல்ல சார். கழட்டும்போதெல்லாம் ஈறு பிஞ்சு பிஞ்சு ஒட்டுது. மேல நிம்மதியா ஒட்ட விடலைன்னா எலும்பும் கீழ நகர்ந்துக்கும். நானும் கண்டிப்பா சொல்லியிருக்கணும். இப்படியே போனா திருகையே எடுக்கவேண்டி வரும்."

எந்தப் பொருள் எலும்பை அரிக்கும் என்று ஊரெல்லாம் விசாரித்தவர், அரித்தது தன் விசாரணைதான் என்று கேட்டால் என்ன செய்வார்? தொண்டையைக் கனைத்தார்.

"சரி. கடைசியா ஒரே ஒரு தடவை கழட்டி..."

"டாக்டரம்மா." அந்த அறையில் அதுவரை வாய் திறக்காத மனைவி எழுந்து நின்றாள். "இப்ப உள்ள இருக்கறதே இருக்கட்டும். இவர் கழட்டச் சொன்னா கழட்ட முடியாதபடி மேல பல்லை ஒட்டிடுங்க."

அவர் வாய்க்குள் நாக்கைச் சுழற்றினார். தடவினார். யோசித்தார்.

"இப்ப உள்ள எது இருக்கு?" என்று கேட்டார்.

சிரிக்கிறீர்கள். நமக்கு இந்த வழக்கம் இல்லை என்கிறீர்கள். அடுப்பில் வேகிறதை மூடி திறந்து திறந்து பார்ப்பது யார்? தூங்கிவிட்ட குழந்தையை, தூங்கிவிட்டதா என்று தொட்டுப் பார்த்து எழுப்பியது யார்? "கோபமில்லை" என்று சொன்னவளிடம் "நிஜமாகவா, நிஜமாகவா" என்று கேட்டுக் கேட்டுக் கோபத்தை வரவழைத்தது யார்? கையில் ஸ்குரூ டிரைவர் இல்லை என்பதால் தப்பித்துவிட முடியாது.

அவருக்குப் பல் ஒட்டியாகிவிட்டது. உள்ளே இருப்பது டைட்டானியம். இறங்கிய எலும்பு ஏறவில்லை. மேற்கொண்டு இறங்கவும் இல்லை. இரண்டு பக்கமும் மென்று சாப்பிடுகிறார்.