எல்லாரும் நடுவுக்கு வாங்க!

கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்புக்கு அடுத்தபடி செழித்து வளரும் இனம் ஒன்று உண்டு: ஜாக்கிரதைக்காரர். உங்களுக்கும் அவரைத் தெரியும். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்து, அணைத்த அடுப்பை மோந்து பார்த்து, கல்வராயன் மலை ஏறும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் டிரைவருக்கு முந்தித் தன் காலால் பிரேக் போட்டு, இறங்கியதும் "நான் இருந்ததால தப்பிச்சோம்" என்பாரே, அவரேதான். ஆபத்து வராவிட்டால் இவருக்குப் பெருமை. வந்தால்? அடுத்தவர் இவர் சொல்பேச்சைக் கேட்கவில்லை என்று பழி.

வடக்கனந்தல் நாராயணசாமி இந்த இனத்தில் முதல் தரம். மகள் சந்தியாவைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டாரை மலைமேல் திருவிழாவுக்கு அழைத்துப் போனார். மாப்பிள்ளை பிரவீன்குமாரின் அம்மா காசியம்மாள் 'சரி' சொல்வதுதான் பாக்கி. பிள்ளையைப் பெண்ணுக்கு ரொம்பப் பிடித்துப் போயிருந்தது.

அங்கே ஒரு தட்டு ராட்டினம்: ஆட்கள் ஏறி நிற்க, தள்ளிவிட்டால் சுற்றும் வட்டப் பலகை. நடுவில் கம்பம், விளிம்பில் கைப்பிடி. எல்லாரும் ஏறிக் கைப்பிடியைப் பிடித்து நின்றார்கள். ராட்டினக்காரர் அன்சர் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு டீக்கடைக்குப் போனார். தட்டு ஆடி அசைந்து சுற்றியது. நம்மவருக்குப் பொறுக்குமா?

"ஓரத்துல நின்னுகினு இன்னா பண்றீங்க? வுழுந்தா யாரு பதில் சொல்றது? எல்லாரும் நடுவுக்கு வாங்க!"

மரியாதைக்காக வந்தார்கள். விளிம்பில் பரவியிருந்த கனமெல்லாம் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டதும் தட்டு விர்ரென்று வேகம் பிடித்தது. அதே ஆட்கள், அதே எடை. இடம்தான் மாறியிருந்தது.

"ஐயோ, ஜாஸ்தியாவுது! இன்னும் நெருங்கி நில்லுங்க! யோவ் அன்சரு, தள்ளாதய்யா!"

"நான் டீ குடிச்சிக்கினு இருக்கேன் சார்!"

நெருங்கினார்கள். இன்னும் வேகம். கடைசியில் காசியம்மாள் பொறுமையிழந்து, தட்டுத் தடுமாறி விளிம்புக்கு ஓடினார். மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். தட்டு தானாகவே தளர்ந்தது. இறங்கிய அம்மாள், காலையில் பெண்வீட்டில் சாப்பிட்ட கேசரி பஜ்ஜி முழுவதையும் மலைக்குத் திருப்பிக் கொடுத்தார். சந்தியாவுக்கு அழுகை முட்டியது.

"நான்தான் அப்பவே ஜாக்கிரதைன்னு..." என்று தொடங்கினார் நாராயணசாமி.

காசியம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டார். "பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க. கல்யாணத்த நாங்களே பாத்துக்கறோம். நீங்க வந்து சாப்ட்டுட்டுப் போனா போதும்."

சிரிக்கிறீர்களா? 'அதில் ஏற்றியதே தப்பு, நானாக இருந்தால் கீழேயே நிறுத்தியிருப்பேன்' என்று உங்களுக்கு ஒரு கணமாவது தோன்றியிருந்தால் சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்திலும் உங்களுக்கு முதல் பந்தியிலேயே இலை போட்டுவிடச் சொல்கிறேன்.