ஸ்லோப்புக்கு வந்த மாமனார்

சாலமோன் கவுன்சிலர் இல்லை. கவுன்சிலரின் வீட்டுக்காரர். இந்த வித்தியாசத்தை அவரிடம் எடுத்துச் சொல்லத்தான் ஊரில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த சின்னப் பேரூராட்சி அது. தேர்தலில் அவர்கள் வார்டு பெண்களுக்கு என்று ஆனதும், இரும்பு உருக்காலையில் கிரேன் ஓட்டும் சாலமோன் தன் மனைவியை நிற்க வைத்தார். "நீ சும்மா நில்லு மெர்சி, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார். மெர்சி நின்றாள். ஜெயித்தும் விட்டாள்.

முதல் சில கூட்டங்களுக்கு சாலமோனும் கூடவே உள்ளே போனார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவளுக்கு வந்த டீயைக் குடித்து, அவளுக்குப் பதிலாகக் கையும் தூக்கினார். பிறகு சந்திரகலா என்று ஒரு புதிய செயல் அலுவலர் வந்து சேர்ந்தார். "வீட்டுக்காரங்க எல்லாம் வெளியே மரத்தடியில இருங்க, குடிக்கத் தண்ணி வெச்சிருக்கோம்" என்று அன்பாகச் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். அன்றிலிருந்து கூட்ட நாளில் கவுன்சிலர்களின் புருஷன்மார்கள் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பிரசவ வார்டு வாசலில் காத்திருப்பவர்கள் மாதிரி, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்காருவார்கள்.

சாலமோனுக்கு உலகத்தில் பெருமை ஒன்றே ஒன்றுதான். அவருடைய கார். யாரோ ஓட்டி முடித்த பழைய கார்தான் என்றாலும், தேர்தலுக்கு முன்பே அதை வாங்கி, வீட்டு முன்னறையின் சுவரை இடித்துக் கார் ஷெட் ஆக்கியிருந்தார். மழைத் தண்ணிக்குப் பயந்து உயர்த்திக் கட்டிய வீடு. அதனால் கார் ஏறுவதற்கு ஒரு சிமெண்ட் ஸ்லோப். அந்த ஸ்லோப் வாசலில் புறப்பட்டு, சாக்கடையைத் தாண்டி, தெருவில் பாதி தூரம் வந்துதான் ஓய்ந்தது. சைக்கிளில் வருகிறவர்கள் அந்த இடம் வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். அது தனக்குக் கொடுக்கிற மரியாதை என்று சாலமோன் நினைத்துக்கொண்டார்.

மெர்சிக்கு இருந்த கவலையோ வேறு. அவளுடைய அப்பா அந்தோணி கடம்பத்தூரில் தனியாக இருந்தார். ஒருமுறை பாத்ரூமில் வழுக்கி விழுந்து, பால்காரம்மா வந்து கதவைத் தட்டும்வரை அப்படியே கிடந்தார். அதிலிருந்து மெர்சி தினமும் காலையில் எழுந்ததும் போனைத்தான் எடுப்பாள். மணி அடிக்க அடிக்க அவள் முகம் வெளுத்துக்கொண்டே போகும். எடுக்காவிட்டால் சாலமோன் ஷிப்டுக்கு லீவு போட்டு, காரில் தூசு படக்கூடாது என்று ரயில் ஏறி, சென்ட்ரலில் வண்டி மாறி, கடம்பத்தூருக்கு ஓட வேண்டும். ஓடிப்போய்ப் பார்த்தால் மாமனார் டீக்கடையில் அரசியல் பேசிக்கொண்டிருப்பார். போன் வீட்டில் சார்ஜில் கிடக்கும்.

"இங்கயே கூட்டினு வந்துடலாங்க" என்று மெர்சி எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள்.

"எடம் எங்க இருக்குது மெர்சி?" என்பார் சாலமோன். இருந்த இடத்தில் கார் நின்றது. தவிர, மாமனார் விடியற்காலையில் சத்தமாகப் பாட்டுப் பாடி ஜெபிப்பார். ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். வந்த மறுநாளே வீட்டுக்கு மேஸ்திரி ஆகிவிடுவார். இதெல்லாம் சாலமோன் தரப்பு வாதங்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கூட்டம் நடந்தது. கதவு திறந்து மெர்சி வெளியே வந்ததும் சாலமோன் மரத்தடியிலிருந்து பாய்ந்தார்.

"இன்னா ஆச்சு?"

"ரெண்டு தீர்மானம். ஊட்டுக்குப் போயி சொல்றேன்."

"இங்கயே சொல்லு. மத்தவனெல்லாம் கேட்டுக்கினு போயிட்டான்."

"ஒண்ணு, தனியா இருக்கற வயசானவங்களுக்கு. தெனம் காலைல வார்டுல இருந்து யாராச்சும் போயி பாத்துட்டு வரணும். கீழ வுழுந்து கெடந்தாலும் சரி, பெத்த புள்ளயே அடிச்சாலும் சரி, உடனே நமக்குத் தெரியணும்."

"சரி, அத வுடு. ரோடு இன்னா ஆச்சு?"

"நம்ம தெரு பூரா கல்லு பதிக்கறாங்க. சாக்கடைக்கு மூடி. புது லைட்டு."

சாலமோன் முகம் மலர்ந்தது. "பாத்தியா, நான் பேசி வெச்சதுதான்!"

"தெருவுல நீட்டிக்கினு இருக்கற ஸ்லோப்பெல்லாம் ஜேசிபி வெச்சு இடிக்கறாங்க."

மலர்ந்த முகம் மலர்ந்தபடியே நின்றுவிட்டது. அதை எப்படி மூடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நீ இன்னா பண்ண?"

"கையத் தூக்கினேன்."

"எதுக்குத் தூக்கின?"

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, எல்லாரும் தூக்கறப்ப நீயும் தூக்கிடுன்னு."

வீடு வரும்வரை சாலமோன் வழியில் இருந்த ஸ்லோப்புகளை எண்ணிக்கொண்டே வந்தார். வந்ததும் கார் ஷெட்டில் பாயைப் போட்டு, காருக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டார். மெர்சி வாசலோரம் உட்கார்ந்து நெத்திலி ஆய ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னாள்:

"ஒரு விலக்கு இருக்குது. ஆனா அது நமக்கு ஆவாது. வுடுங்க."

பாய் எழுந்து உட்கார்ந்தது. "இன்னா விலக்கு?"

"சொன்னா பேஜாராவீங்க."

"சொல்லாட்டிதான் பேஜாரு!"

"எழுவது வயசுக்கு மேல ஒருத்தர் நெரந்தரமா இருக்கற ஊடுன்னா ஸ்லோப்பு உண்டாம். வயசானவங்களால படி ஏற முடியாதுல்ல, அதுக்காக."

சாலமோன் எழுந்துபோய்க் கார்க் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். "எனக்குப் பாக்க இன்னா வயசு இருக்கும் மெர்சி?"

"ஆதார்ல இன்னா இருக்குதோ அதான்."

அடுத்து அவர் எதிர்வீட்டுக்குப் போனார். அங்கே மோகன்ராஜ், அவனுடைய வயதான அம்மா, அவனுடைய ஸ்லோப் எல்லாம் இருந்தன. "உங்கம்மா ஒரு வாரம் எங்க ஊட்ல இருக்கட்டுமே. மெர்சி நல்லா மீன் கொழம்பு வெப்பா" என்றார்.

மோகன்ராஜ் பதறிப்போனான். "அய்யய்யோ, இன்னாண்ணா நீ? எங்க ஸ்லோப்புக்கே இந்த ஒரு அம்மாதான் கீது. தங்கச்சி வேற வேப்பம்பட்டுல இருந்து போன் பண்ணுது, அங்கயும் ரோடு போடறாங்களாம், இதே விலக்கு கேட்டுப் பாக்கணுமாம், அம்மாவ அனுப்புன்னு!"

முந்தின நாள் வரை அந்த அம்மாவை இரண்டு வீட்டிலும் யாரும் தேடியதில்லை. சாலமோன் யோசித்துக்கொண்டே திரும்பி வந்தார். யோசனை பிறந்தபோது நெத்திலி குழம்பில் இருந்தது.

"மெர்சி, உங்க நைனாவுக்கு இன்னா வயசு ஆவுது?"

"எழுவது தாண்டியாச்சு. ஏன்?"

"பாவம். தனியா கீறாரு."

மெர்சி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஐயோ, நைனாவா? வேணாங்க. எடம் எங்க இருக்குது?"

"ஹால்ல கட்டில் போடலாம்."

"கட்டில் போட்டா நடக்க எடம் இருக்காதுன்னீங்க."

"ஓரமா போட்டுக்கினா ஆச்சு."

"காலங்காத்தால பாடுவாரு."

"ஆண்டவரப் பாடறதுல இன்னா தப்பு? ஊட்டுக்கு ஆசீர்வாதம்!"

"உங்க நாற்காலில குந்திக்குவாரு."

"குந்தட்டும். வயசானவரு, காத்து வேணும்."

"எல்லாத்துலயும் குத்தம் சொல்லுவாரு."

"பெரியவங்க சொல்லாம வேற யாரு சொல்றது?" சாலமோன் குரல் தழுதழுத்தது. தன் நல்ல மனதை நினைத்து அவருக்கே கண் கலங்கியது. "மனசாட்சின்னு ஒண்ணு வேணும் மெர்சி. பெத்த அப்பன இப்படித் தனியா வுட உனக்கு எப்படி மனசு வருது?"

"நீங்க இவ்ளோ சொல்றீங்கன்னா சரிங்க" என்று மெர்சி இறங்கி வந்தாள். குழம்பைக் கிளறத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதைப் பார்த்து, அழுகிறாள் என்று நினைத்தார் சாலமோன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்த கையோடு காரை எடுத்துக்கொண்டு பெரியபாளையம் வழியாகக் கடம்பத்தூர் போய்ச் சேர்ந்தார். அந்தோணி வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பேப்பரை மடித்தார்.

"நான் வர்ல மாப்ள. போன தடவ வந்தப்ப, கேக்காமயே ட்ரெயின் டைம் சொன்ன நீ."

"அது வேற நேரம் மாமா. இப்ப நீங்க வந்தே ஆவணும்."

"வந்துட்டு ஒரு வாரத்துல கெளம்பணும்னா என்னால ஆவாது. வந்தா வந்ததுதான். இந்த ஊட்டக் காலி பண்ணிக் குடுத்துடுவேன்."

சாலமோன் ஃபேனுக்குக் கீழே இருக்கும் நாற்காலியை ஒரு நொடி நினைத்துப் பார்த்தார். கண்ணை மூடினால் ஜேசிபி தெரிந்தது. "என் உசிரு இருக்கறவரைக்கும் நீங்க எங்க கூடத்தான் மாமா!" என்றார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலி ஓரமாக வந்து நின்று கேட்டார்கள். ஞானம்மா என்று ஒருவர், இப்படி ஒரு மருமகன் யாருக்குக் கிடைப்பான் என்று மூக்கைச் சிந்தினார். இனி பின்வாங்க முடியாது.

உள்ளே போய்ப் பார்த்தால் பெட்டி படுக்கை எல்லாம் கயிறு போட்டுக் கட்டித் தயாராக இருந்தது.

"இது இன்னா மாமா, ஏற்கெனவே கட்டி வெச்சிருக்கீங்க?"

"எலி தொல்ல மாப்ள. அதான் கட்டி வெச்சேன்" என்றார் அந்தோணி. இருந்த சந்தோஷத்தில் சாலமோன் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஜேசிபி தெருமுனையில் திரும்பிய அன்று, அவர் மாமனாருக்கு வெள்ளைச் சட்டை போட்டு, ஸ்லோப்பின் நட்டநடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நாற்காலி சரிந்து சரிந்து கீழே வர, சாலமோன் முட்டியை முட்டுக் கொடுத்து நின்றார். ஓவர்சியர் சரவணகுமார் வந்தார்.

"வயசானவரு சார். நெரந்தரமா எங்க ஊட்லதான் கீறாரு" என்றார் சாலமோன், கேள்வி வருவதற்கு முன்பே.

"தெரியும் சார். இந்தத் தெருவுல மொதல் விலக்கு உங்களுக்குத்தான்." சரவணகுமார் அந்தோணியின் கையைப் பிடித்து மரியாதையாக இறக்கிவிட்டார். "ஐயாவுக்குப் புதுசா போட்டுத் தந்துடறோம்."

"புதுசாவா? இதே நல்லாத்தானே கீது?"

"இது காருக்குப் போட்டது சார், இதுல பெரியவங்க நடந்தா சறுக்கிடுவாங்க. இத இடிச்சுட்டு, தெருவுல நீட்டாம, வாசப்படிய வெட்டி உள்பக்கமா போடுவோம். நடுவுல புடிச்சுக்கினு ஏற இரும்புக் கைப்பிடி. எல்லாம் பேரூராட்சி செலவு."

"நடுவுலயா? அப்ப காரு எப்படி ஏறும்?"

"காரு எதுக்கு சார் ஏறணும்? தீர்மானம் பெரியவங்களுக்குத்தானே."

"எவன் சார் கொண்டுவந்தான் இப்படி ஒரு தீர்மானத்த?"

சரவணகுமார் ஆச்சரியமாகப் பார்த்தார். "கவுன்சிலரம்மாதான் சார். கைப்பிடி நடுவுலதான் வேணும்னு நின்னு வாங்குனாங்க. உங்ககிட்ட சொல்லல?"

சாலமோன் மெர்சியைத் தேடினார். மெர்சி எதிர்ப்பக்கத்தில் சாக்கடை மூடியை மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமனார்தான் அவசரப்பட்டார். "மாப்ள, கார வெளிய எடு. அப்புறம் உள்ளயே மாட்டிக்கும்." கார் சர்ச் காம்பவுண்டுக்குப் போனது. ஸ்லோப் தூளாகிப் போனது.

ஒரு வாரம் சாலமோன் யாருடனும் பேசவில்லை. பேசவில்லை என்பதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. மாமனார் பேசிக்கொண்டே இருந்தார்.

கல் பதித்து முடிந்த பிறகு ஒரு நாள் காலையில் சாலமோன் ஹாலில் உட்கார்ந்திருந்தார். அந்தோணி பாட்டை முடித்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கி, மூடிய சாக்கடை மேல் நடந்து டீக்கடைக்குப் போனார். சைக்கிள்காரன் ஒருவன் இறங்காமலே ஓட்டிக்கொண்டு போனான். மெர்சி போனைத் தேடவில்லை. முகம் வெளுக்கவில்லை. தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு நிதானமாக நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இந்த வேளையில் அவள் சாப்பிட்டு எத்தனை நாள் ஆகிறது! தினமும் அந்தப் போன் அடிக்கும்போது தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம் என்று சாலமோனுக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது மூச்சு தாராளமாக வந்தது. அப்பாடா என்றிருந்தது. கார் போனதை நினைத்துப் பார்த்தார். நியாயமாக வலித்திருக்க வேண்டிய இடத்தில் அவ்வளவாக வலிக்கவில்லை.

மனது லேசானதும் வழக்கமான சாலமோன் திரும்பி வந்தார். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

"பாத்தியா மெர்சி, எனக்கு அந்த நேரத்துல தோணிச்சு, போயி கூட்டினு வந்தேன். நல்ல முடிவுன்னா யாரு சொல்லியும் எடுக்கறதில்ல. தானா தோணணும்."

"ஆமாங்க" என்றாள் மெர்சி, இட்லியைப் பிட்டுக்கொண்டே.

அப்போது வாசலில் ஒரு நிழல் ஆடியது. கொத்தனார் அன்புசெல்வன். தோளில் மட்டப்பலகை, கையில் டேப். கார் இல்லாத ஷெட்டுக்குள் நேராகப் போய் அளக்க ஆரம்பித்தான்.

"இன்னாப்பா பண்ற?" என்றார் சாலமோன்.

"பெரியவருக்கு ரூமு சார், செவுரு எழுப்பணும். அம்மா எலெக்சன் ஜெயிச்ச அன்னிக்கே சொல்லி வெச்சாங்க, 'எங்க ஊட்டுக்காரரு தானா போயி எங்க நைனாவக் கூட்டினு வருவாரு, வந்ததும் நீ வந்துடு'ன்னு."