டைனமோ அண்ணையின் கால் பிடிப்பு

குடாநாடே மின்சாரம் இல்லாமல் தவித்த அந்தப் போர் வருடங்களில், மின்சாரம் தன்னுடைய தொடைக்குள் இருக்கிறது என்று நம்பிய ஒரே மனிதர் டைனமோ அண்ணை.

சாவகச்சேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவர் ஆய்வுகூட உதவியாளர். நான் புதிதாக வந்த விஞ்ஞான ஆசிரியர். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பெடலை உழக்கி, அதன் டைனமோவால் வானொலியை உயிர்ப்பித்து ஊருக்கே செய்தி வழங்குவார். யாரைக் கண்டாலும் "இண்டைக்கு எரிபொருள் போட்டாச்சோ?" என்பார். சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். ஓமென்றாலும் விடமாட்டார், சட்டைப்பையிலிருந்து பனங்கட்டித் துண்டொன்றை நீட்டுவார். அதில் பாதி பனங்கட்டி, பாதி சட்டைப்பை.

என் வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால், கல்வி அதிகாரி ஒருவர் வந்து என் வகுப்பைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டும். பாடம், உடலின் நுண்ணிய கலங்கள் ஒட்சிசனைக் கொண்டு சக்தி எடுக்கும் காற்றுச் சுவாசம். எனக்கோ மூன்று நாளாகச் சாதாரண சுவாசமே சரியாக வரவில்லை.

"பயப்பிடாதேங்கோ மாஸ்டர். நான் உழக்கி பல்பை எரிக்கிறன். நீங்கள் கதையுங்கோ."

அதிகாரி பின்வரிசை வாங்கில் அமர்ந்தார். அண்ணை பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு உழக்க, பல்ப் எரிந்தது. "பனங்கட்டியிலுள்ள சீனியும் மூச்சில் வரும் ஒட்சிசனும் கலத்துக்குப் போகின்றன. அங்கே இழைமணி என்றொரு சின்ன உறுப்பு..." என்றேன். அது என்ன செய்யும் என்பது மறந்துபோயிற்று. பதற்றத்தில் கரும்பலகையில் என் பெயரை எழுதினேன். அதிலும் ஒரு பிழை.

"ஐயோ, கால் பிடிச்சிட்டுது!" அலறியபடி அண்ணை இறங்கினார். பல்ப் அணைந்தது. நொண்டிக்கொண்டே போய், அலுமாரியிலிருந்த வானொலியை எடுத்து டைனமோ வயரைக் கொழுவினார்.

"செய்தி நேரம். ஆரேன் உழக்குங்கோவன்."

அந்தக் காலத்தில் செய்தி என்றால் அதிகாரியும் மனிதர்தான். கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு ஏறி உழக்கினார். இரண்டாவது செய்தியிலேயே மேல்மூச்சு வாங்கியது. வாசிப்பவரின் குரலும் தேய்ந்தது.

"உழக்குங்கோ சேர், வசனம் முடியேல்லை!" வகுப்பே கத்தியது.

"கால் கடுக்குதடா!"

அந்தச் சத்தத்தில் என் நாக்கு அவிழ்ந்தது. "பாருங்கோ பிள்ளையள்! சேர் ஆறுதலாய், மெதுவாய் உழக்கேக்கை ஒட்சிசன் போதும். இழைமணியிலை சீனி முழுக்க உடைஞ்சு நிறையச் சக்தி வரும். மிஞ்சிறது காபனீரொட்சைட்டும் தண்ணியும்தான். இப்ப தசைக்கு ஒட்சிசன் காணாது. சீனி அரைகுறையாய் உடையுது, சக்தி கொஞ்சம்தான், இலற்றிக் அமிலம் சேருது!"

"ஓம், சேருது, நல்லாச் சேருது," என்று தொடையைத் தடவியபடி அதிகாரி ஒப்புக்கொண்டார்.

வேலை நிரந்தரமென்று அவர் அங்கேயே சொல்லிவிட்டார். மாலையில் நன்றி சொல்லப் போனால், நொண்டவேண்டிய மனிதர் அரிசி மூட்டையைக் கரியரில் கட்டிக்கொண்டு எதிர்காற்றில் பறந்து வருகிறார்.

"அண்ணை, கால் பிடிப்பு?"

"எனக்கெங்கை பிடிச்சது? உங்கடை முகத்திலை வெளிச்சம் நிண்டுபோச்சுது. நான் இறங்கினால்தானே அவர் ஏறுவார்." பனங்கட்டியை நீட்டினார்.

இன்றும் நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது, பின்னாலிருந்து ஓர் 'ஐயோ' கேட்காதா என்று காது தேடுகிறது.